தை மாதத்து இளக்கம்

“மாசிப் பனி மூசிப் பெய்யும்” என்பது யாழ்ப்பாணத்து முதியோர் வாக்கு. அவர்கள் சொல்லும் பனி, விடியற்புறத்தில் முற்றத்துப் புல்லை நனைத்து, வெயில் ஏறுமுன்னரே இருந்த இடந் தெரியாமல் மறைந்துவிடும் பனியாகும். கனடாவிலும் நோர்வேயிலும் குடியேறிய நம்மவர் தொலைபேசியில் “இங்கே ஒரே பனி” என்று சொல்லும்போது குறிப்பது வேறொன்று. ஆகாயத்திலிருந்து இலவம்பஞ்சு போல இறங்குவதும் பனி. குளமும் ஆறும் கல்லாய் இறுகுவதும் பனி. எல்லாவற்றுக்கும் நம்மிடம் உள்ள சொல் ஒன்றே. வாசகர்கள் மயங்காதிருக்கும்பொருட்டு, மேலேயிருந்து விழுவதை வெண்பனி என்றும், நீர் உறைந்து இறுகியதைப் பனிக்கட்டி என்றும் இங்கே வழங்குவோம்.

கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே சுமார் 10 பாகை. இரவில் 20, 25 பாகை வரை இறங்குவதும் அங்கே புதுமையன்று. இத்தகைய நடுப் பனிக்காலத்தில் ஒருநாள் காற்றுத் திசை மாறுகிறது. தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவின் மேற் கிடந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று வடக்கு நோக்கிப் பாய்கிறது. ஓர் இரவுக்குள் வெப்பநிலை பூச்சியத்தைக் கடந்து 5 பாகைக்கும் 8 பாகைக்கும் ஏறிவிடுகிறது. கூரை விளிம்புகளிலே தொங்கிய பனிக்கட்டி ஈட்டிகள் சொட்டத் தொடங்குகின்றன. வீதியோரத்து வெண்பனிக் குவியல்கள் சாம்பல் நிறச் சேறாகின்றன. எங்கும் மூடுபனி. மூன்று நான்கு நாளில் வடகாற்று மீண்டும் வந்து, உருகியதையெல்லாம் கண்ணாடி போல உறைய வைக்கிறது. இதனைக் கிழக்குக் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ‘ஜனவரி இளக்கம்’ என்பர். மாதத்தின் 20ஆந் திகதியை அடுத்து அது வரும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. இந்தத் திகதிக் கணக்கைப் புள்ளிவிபர வல்லுநர் பலர் ஒப்புவதில்லை. நாள் குறித்து வராவிடினும், பெரும்பாலான ஆண்டுகளில் ஏதோ ஒரு கிழமையில் அது வந்துதான் போகிறது.

குளிரால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள், நாலு நாள் வெயில் கண்டால் மகிழ்ந்து வெளியே விளையாடப் போவார்கள் என்றே நாம் எண்ணுவோம். நடப்பது நேர்மாறாகும். அந்நாடுகளிலே குளிரே விளையாட்டு மைதானம். உறைந்த குளத்தின்மேற் சறுக்கோட்டம், மலைச் சரிவிலே பனிச்சறுக்கு, பனிக்கட்டியில் துளையிட்டு அதனூடே தூண்டில் போட்டு மீன் பிடித்தல், காட்டுப் பாதைகளில் பனிமோட்டார் ஓட்டம், சிறுவர்களின் ஹொக்கி என்று அவர்களின் திறந்தவெளிப் பொழுதுபோக்கு முழுவதும் பூச்சியத்துக்குக் கீழேயுள்ள சில பாகைகளை நம்பியே நிற்கிறது. வாடைக்காற்று விழுந்துவிட்டால் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்களுக்கு நேர்வது எதுவோ, அதுவே இளக்கம் வந்தால் இவற்றுக்கும் நேரும்.

இதற்கு நல்ல உதாரணம் ஒட்டாவாவின் றிடோ கால்வாய். பிரித்தானியப் படையின் பொறியியற் பிரிவைச் சேர்ந்த ஜோன் பை என்பவரின் மேற்பார்வையில் 1826இல் தொடங்கி 1832இல் முடிக்கப்பட்ட இக்கால்வாய், ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்ரன் நகர் வரை 202 கிலோமீற்றர் நீளமுடையது. அமெரிக்கர் படையெடுத்தால் படையும் உணவும் அனுப்புவதற்கென வெட்டியது. அந்தப் போர் வரவேயில்லை. 2007இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. நமக்கு வேண்டியது நகரத்தின் ஊடே செல்லும் 7.8 கிலோமீற்றர் துண்டு மட்டுமே. இலையுதிர் காலத்தில் கால்வாயின் நீர்மட்டத்தை இறக்கிவிடுவர். பிறகு எஞ்சிய நீர் உறைகிறது.

அதன்மேற் பொதுமக்கள் சறுக்கி ஓடலாம் என்ற யோசனையை நகரசபை 10க்கு 1 என்ற வாக்கினால் எதிர்த்தது. தலைநகர ஆணைக்குழுவின் தலைவராயிருந்த டக்ளஸ் புல்லர்ட்டன் என்பவரோ அதைப் பொருட்படுத்தவில்லை. 1971ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி தமது ஊழியர் சிலரை விளக்குமாறும் மண்வெட்டியும் கொண்டு ஒரு சிறு பகுதியைத் துப்புரவாக்கச் செய்தார். முதல் வார இறுதியிலேயே சுமார் 50,000 பேர் வந்து சேர்ந்தனர். பிறகு யார் எதிர்ப்பர்? காலையிற் கந்தோருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சறுக்கிக்கொண்டே செல்லும் மனிதர், குழந்தையைச் சறுக்கு வண்டியில் இருத்தித் தள்ளிச் செல்லும் தாய்மார், கரையோரக் குடில்களில் ‘பீவர் வால்’ என்னும் சூடான மாப்பண்டத்தை வாங்கித் தின்பவர் என்று அது நகரின் ஒரு வீதியாகவே ஆகிவிட்டது. கட்டணம் கிடையாது. வசதியுள்ளவனும் இல்லாதவனும், அங்கே பிறந்தவனும் நேற்று விமானத்தில் வந்திறங்கியவனும் ஒரே தளத்தில் விழுந்தெழும்பும் இடம் அது. குடியேறிய நம்மவரின் பிள்ளைகள் பலர் சறுக்குச் சப்பாத்தைக் காலில் மாட்டிய முதல் இடமும் இத்தகைய இலவசத் தளங்கள்தாம்.

கால்வாயைத் திறந்துவிடுவதற்கு நல்ல தரமான பனிக்கட்டி 30 சதமமீற்றர் தடிப்பாயேனும் இருத்தல் வேண்டும். 2022–23 பனிக்காலத்தில் அந்தத் தடிப்பு ஒருநாளேனும் கிட்டவில்லை. டிசெம்பரும் ஜனவரியும் இளக்கமாகவே கழிந்தன; பெப்ரவரியில் வந்த கடுங்குளிர் போதவில்லை. 1971 முதல் ஒருமுறையேனும் தவறாத சறுக்குவழி அவ்வாண்டில் முற்றாகத் திறக்கப்படாமற் போயிற்று. அடுத்த ஆண்டு, 2024 ஜனவரி 21ஆந் திகதி, ஒரு சிறு பகுதி திறக்கப்பட்டது. மக்கள் ஆவலாய் ஓடி வந்தனர். நான்கு நாளில் இளக்கம் வந்தது. பச்சைக் கொடி இறங்கிச் சிவப்புக் கொடி ஏறியது. அந்தப் பனிக்காலம் முழுவதிலும் சறுக்கக் கிடைத்தவை 10 நாட்களே.

இனி, நாலு நாள் வெப்பம் ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. திரவங்களிலே நீரின் குணம் விசித்திரமானது. 4 பாகையிலேதான் அது மிகக் கூடிய அடர்த்தியுடையது. அதற்குமேலும் குளிர்ந்தால் இலேசாகி மேலே மிதக்கிறது. ஆகவே குளம் மேலிருந்து கீழாக உறைகிறது. அடியிலே மீன்கள் உயிரோடிருக்கின்றன. முதல் ஏடு விரைவிற் படியும். ஆனால் படிந்த ஏடே கீழுள்ள நீருக்குப் போர்வையாகிவிடுவதால், மேலும் தடிப்பது வரவர மந்தமாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் ஸ்டெபான் என்ற விஞ்ஞானி இதற்கொரு விதி கண்டார். தடிப்பு இரு மடங்காக வேண்டுமானால் குளிர் நான்கு மடங்கு வேண்டும். மும்மடங்காக வேண்டுமானால் ஒன்பது மடங்கு வேண்டும். 10 சதமமீற்றர் படிய நான்கு குளிர்நாட்கள் ஆயின என்று வைத்துக்கொண்டால், 30 சதமமீற்றருக்கு 36 நாட்கள் அதே குளிர் விடாமல் நிற்க வேண்டும். நடுவிலே நாலு நாள் போனால் போகட்டும் என்று விட முடியாமைக்குக் காரணம் இதுவே.

பனிக்கட்டியின்மேல் வெண்பனி விழுந்தால் அழகாயிருக்கும், வேலை கெட்டுவிடும். வெண்பனிக்குள்ளே அடைபட்ட காற்று கம்பளி போலக் குளிரைத் தடுக்கிறது. அது நனைந்து மீண்டும் உறைந்தால் காற்றுக் குமிழிகள் நிறைந்த வெள்ளைப் பனிக்கட்டி உண்டாகும். தெளிந்த நீர் உறைந்து உண்டாகும் கரும் பனிக்கட்டியின் வலிமையில் அதற்குப் பாதிதான் உண்டு. எனவேதான் கால்வாய் ஊழியர் இராக்காலத்திலே பனிக்கட்டியில் துளையிட்டு, அடியிலுள்ள நீரை இறைத்து மேற்பரப்பில் பாய்ச்சி உறையவிடுகின்றனர். நமது கமக்காரன் வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் போன்ற வேலைதான். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில், நள்ளிரவில்.

இளக்க காலத்தில் மழைதான் பனியை உருக்குகிறது என்று பலரும் நினைப்பர். கணக்குப் பார்த்தால் மழையின் பங்கு சிறிது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். 5 பாகையிலுள்ள ஒரு கிராம் மழைநீர் பூச்சியத்துக்குக் குளிரும்போது கொடுப்பது 5 கலோரியே. ஆனால் காற்றிலுள்ள நீராவி ஒரு கிராம் பனிக்கட்டியின்மேல் ஒடுங்கி நீரானால், ஏறத்தாழ 600 கலோரி வெளிவரும். அது ஏழு கிராமுக்கு மேல் உருக்கப் போதும். மூடுபனியோடு கூடிய ஈரக்காற்று வெண்பனியை ‘தின்கிறது’ என்று வடநாட்டு மக்கள் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சன்று.

மேற்குக் கனடாவிலே இளக்கத்துக்குக் காரணம் வேறு. அங்கே அதைக் கொண்டுவருவது ‘சினூக்’ என்னும் காற்று. இதைப் புரிந்துகொள்ள நாம் கனடாவுக்குப் போகவேண்டியதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் மட்டக்களப்புக்குப் போனாற் போதும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கும்போது உலர்ந்து சூடேறிக் கச்சான் காற்றாக வீசுகிறது. அக்காற்றை நாட்கணக்காக அனுபவித்தவர் அதை மறக்கமாட்டார். (கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் கடற்கரையிற் சுருளில் விற்கும் நிலக்கடலை மட்டுமே நினைவுக்கு வரும் போலும்.) சினூக் என்பது கனடாவின் கச்சான். அல்ப்ஸ் மலையில் அதே காற்றுக்கு ‘போன்’ என்று பெயர்.

கணக்கு இதுதான். பசிபிக் கடற்கரையில் 8 பாகையில் உள்ள ஈரக்காற்று றொக்கி மலைமேல் மூவாயிரம் மீற்றர் ஏறுகிறது என்க. நீராவி மழையாகவும் வெண்பனியாகவும் மாறும்போது மறைவெப்பம் வெளிவருவதால், ஏறும் காற்று கிலோமீற்றருக்கு 6 பாகை வீதமே குளிர்கிறது. உச்சியில் அதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை. மறுபுறத்தில் ஆயிரம் மீற்றர் உயரத்திலுள்ள கல்கரி நகரை நோக்கி இரண்டாயிரம் மீற்றர் இறங்குகிறது. இப்போது அது உலர்ந்த காற்று. உலர்ந்த காற்று இறங்கினால் கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறும். கல்கரிக்கு வந்து சேரும்போது 10 பாகை. கடற்கரையிலிருந்து புறப்பட்டதைவிடச் சூடாகவும் உலர்ந்தும் ஆயிரம் மீற்றர் உயரமான ஊருக்கு வந்துவிட்டது.

இக்காற்றின் வேகத்துக்கு ஓர் உதாரணம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்திலுள்ள ஸ்பியர்பிஷ் என்ற சிற்றூரில், 1943 ஜனவரி 22ஆந் திகதி காலை ஏழரை மணியளவில், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலிருந்து பூச்சியத்துக்கு மேல் 7 பாகைக்கு இரண்டே நிமிடத்தில் ஏறியது. அன்று காலையிலேயே காற்று நின்றதும் அரை மணி நேரத்துக்குள் பழைய குளிருக்கே இறங்கிவிட்டது. சன்னற் கண்ணாடிகள் வெடித்தனவாம். சறுக்கு விளையாடப் புறப்பட்ட சிறுவன் எந்த உடுப்பை அணிந்துகொண்டு போவது?

1988இல் பனிக்கால ஒலிம்பிக் விழா நடைபெற்றது இதே கல்கரியிலேதான். பெப்ரவரி மாதத்தில் சினூக் வந்து வசந்தகாலம் போலாக்கிவிட்டது. மலைச் சரிவுப் போட்டிகளும் சறுக்குப் பாய்ச்சற் போட்டிகளும் காற்றினால் மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டன. சறுக்குத் தேர் ஓட்டத்துக்கான பாதை இயந்திரத்தாற் குளிரூட்டப்பட்டது, ஆகவே உருகவில்லை. ஆனால் காற்று மண்ணையும் தூசியையும் அள்ளி அதன்மேற் கொட்டிவிட்டது. வெண்பனியே காணாத ஜமேய்க்கா தீவின் இளைஞர்கள் சறுக்குத் தேரோடு முதன்முதல் வந்து கலந்துகொண்டதும் அந்த விழாவிலேதான். வெயில் அடித்த அந்த நாட்களில் உலகம் முழுவதும் அவர்களைப் பார்த்து மகிழ்ந்தது.

அதற்கு முன்னர் 1964இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரில் நடந்த விழாவின் கதை இன்னும் வேடிக்கை. மலைகளின் நடுவே விழா, வெண்பனியைக் காணோம். அரசாங்கம் இராணுவத்தை அழைத்தது. படைவீரர் உயர்ந்த மலைகளிலிருந்து 20,000 பனிக்கட்டிப் பாளங்களை வெட்டித் தேரோட்டப் பாதைகளுக்குக் கொண்டுவந்தனர். பனிச்சறுக்குச் சரிவுகளுக்காக 40,000 கனமீற்றர் வெண்பனியைச் சுமந்து கொட்டினர். 2010இல் வான்கூவரில் லொறியிலும் ஹெலிகொப்டரிலும் பனி கொண்டுவந்து வைக்கோற் பொதிகளின்மேற் பரப்பினார்கள். ஒலிம்பிக் விழா நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. உலகத்தாரை அழைத்தபின் பின்வாங்க முடியாது என்று அதை மன்னிக்கலாம். 2023 புதுவருடத்தின்போது சுவிற்சலாந்தின் கிஸ்டாட் என்னும் செல்வர் வாசஸ்தலத்தில் சாதாரண விடுமுறைக்காரர் சறுக்குவதற்கென்றே ஹெலிகொப்டரில் பனி ஏற்றிவந்தார்கள். காற்றைச் சூடாக்கும் எரிபொருளை எரித்துக் குளிரை வாங்கும் இக்காரியத்தை என்னால் மெச்ச முடியவில்லை.

ஒல்லாந்தரின் பொறுமை இதைவிட எனக்குப் பிடிக்கிறது. அந்நாட்டின் வடக்கே பிறீஸ்லாந்து மாகாணத்தில் பதினொரு நகரங்களைக் கால்வாய்களும் ஏரிகளும் இணைக்கின்றன. அவை எல்லாம் உறைந்தால் லேவார்டன் நகரிற் புறப்பட்டுப் பதினொரு நகரங்களையும் சுற்றி, ஒவ்வோர் ஊரிலும் அட்டையில் முத்திரை பதித்து, ஒரே நாளில் சுமார் 200 கிலோமீற்றர் சறுக்கி மீள்வது ஒரு பெருவிழா. 1909இல் முறையாகத் தொடங்கியது. வழி நெடுகப் பனிக்கட்டி 15 சதமமீற்றர் தடித்திருந்தாலன்றி விழா இல்லை. பகுதிக்கொருவராகக் கண்காணிப்பாளர் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவரை நடந்தவை 15 மட்டுமே.

1963 ஜனவரி 18ஆந் திகதி நடந்த ஓட்டத்தை அவர்கள் இன்றும் ‘அறுபத்து மூன்றின் நரகம்’ என்கின்றனர். பனிப்புயலுக்குள்ளே புறப்பட்ட ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஓட்டக்காரரில் முடித்தவர் 69 பேர். 1986இல் முடிக்குரிய இளவரசர் வேறொரு பெயரில் ஓடி முடித்தார்; அவரே பின்னர் அரசரான வில்லெம் அலெக்சாந்தர். கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4ஆந் திகதி. அன்று வென்றவர் கோவாவின் இனமாகிய ஒரு மரக்கறியைப் பயிரிடும் விவசாயி. 2012 பெப்ரவரியில் நாடு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. மாகாணத்தின் தெற்கே பனிக்கட்டி போதிய தடிப்பில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு இளக்கம் வந்தது. 1989 முதல் ஒல்லாந்துச் சறுக்கோட்டக்காரர் பலர் ஆண்டுதோறும் ஒஸ்திரியாவிலுள்ள வைசன்சீ ஏரிக்குப் போய் அதே 200 கிலோமீற்றரை ஓடித் தம் ஆசையைத் தீர்த்துக்கொள்கின்றனர். ஊரில் நடப்பது போலாகுமா? எனினும் சங்கம் கலைக்கப்படவில்லை; அளவுகோலும் குறைக்கப்படவில்லை.

இளக்கத்தில் விளையாட்டு கெடுவது ஒருபுறம். உயிர் போவது மறுபுறம். வெளிநாட்டிற் பேரப்பிள்ளைகள் உள்ள பெற்றோர் இப்பகுதியைச் சற்றுக் கவனமாக வாசித்தல் நலம். ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா ஷர்மா முதலிய ஆராய்ச்சியாளர், வட பூகோளத்தின் 10 நாடுகளில் பனிக்காலத்தில் நீரில் மூழ்கி இறந்த 4,000க்கு மேற்பட்டோரின் விபரங்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். இறப்புகள் மிகுந்தது எப்போது தெரியுமா? பனிக்கட்டி வெளிப்படையாகச் சேறாகும் நாட்களில் அல்ல. அப்போது எவரும் அதில் கால் வைக்கமாட்டார். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகைக்கும் பூச்சியத்துக்கும் இடையில் நிற்கும் நாட்களிலேதான். வெளியே குளிர், பனிக்கட்டி கண்ணுக்கு உறுதி, உள்ளேயோ வலிமை போய்விட்டது.

வலிமை போவது எப்படி? உறைந்த நீர் நெடுக்காக நிற்கும் பளிங்குத் தூண்களின் கூட்டம் போன்றது. வெயில் அத்தூண்களின் இடைவெளி வழியே புகுந்து ஒட்டுகளை இளக்குகிறது. தடிப்பு அப்படியே இருக்கும். காலை வைத்தால் மெழுகுதிரிகளின் கட்டு அவிழ்ந்தது போலப் பிரிந்துவிடும். ஆகவே ‘நேற்று அளந்தோம், 20 சதமமீற்றர் இருந்தது’ என்பது இளக்கத்துக்குப் பின் செல்லாத கணக்கு. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் தனியொருவர் நடக்கவோ சறுக்கவோ 15 சதமமீற்றர், பலர் கூடி விளையாட 20, பனிமோட்டாருக்கு 25 என்று கூறிவந்த அளவுகள் எல்லாம் தெளிந்த புதுப் பனிக்கட்டிக்கே உரியன. ஓடும் ஆற்றிலும், பாலத்தின் கீழும், வாய்க்கால் வந்து சேருமிடத்திலும் அவையும் பொருந்தா.

விழுந்துவிட்டால்? மனிற்றோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற், தாமே பலமுறை உறைநீரில் இறங்கிப் பரிசோதித்தவர். அவர் சொல்லும் கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடத்தில் மூச்சுத் திணறும். நீந்த முயலாமல் மூச்சை அடக்கி நிதானப்படுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த பத்து நிமிடம் கையும் காலும் சொற்கேட்கும். உணர்வு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். குளிர்ந்து விறைத்து உடனே இறந்துவிடுவோம் என்ற பயத்திலேயே பலர் முதல் நிமிடத்தில் அலறித் தண்ணீரை விழுங்குகிறார்கள். வந்த திசைக்கே திரும்பவேண்டும். அந்தப் பனிக்கட்டி சற்று முன்வரை நம்மைத் தாங்கியதல்லவா? இரு முழங்கைகளையும் விளிம்பின்மேல் வைத்து, கால்களை மீன்வால் போல அடித்து உடலை மட்டமாக்கி, நெஞ்சால் மேலேறி, எழுந்து நிற்காமல் உருண்டு செல்ல வேண்டும். கரையில் நிற்பவர் அருகே ஓடுவது பெருந் தவறு. இருவரும் உள்ளே போவர். தடியோ கயிறோ ஏணியோ நீட்டுக. இல்லையேல் கழுத்துச் சால்வையையேனும் எறிக.

குழந்தைகளுக்கு இவ்வளவும் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, வீட்டு முற்றத்திலேயே தளம் அமைத்துக் கொடுப்பது நல்லது என்று எண்ணும் தந்தையர் கனடாவில் பலர். மரச்சட்டம் கட்டி, தோட்டக் குழாயினால் நீர் தெளித்து, இரவிரவாய் உறையவிட வேண்டும். அடியிலே நிலம், மூழ்கும் பயமில்லை. ஹொக்கி உலகின் மன்னர் எனப்படும் வெயின் கிறெற்ஸ்கி, ஒன்ராறியோவின் பிறான்ற்போர்ட் நகரில் தம் தந்தை இவ்வாறு அமைத்த முற்றத்திலே ஓடிப் பழகியவரே. 2012–13 பனிக்காலத்தில் வில்பிறிட் லோறியர் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் ‘றிங்க்வாச்’ என்றொரு முயற்சியைத் தொடங்கினர். தம் முற்றத்துத் தளம் இன்று சறுக்க ஏற்றதா, இல்லையா என்று குடும்பங்கள் தாமே நாள்தோறும் அறிவிக்க வேண்டும். விஞ்ஞானிக்கு வெப்பமானி சொல்லாத ஒன்றை இப்பட்டியல் சொல்கிறது: ஒரு சிறுவனுக்கு இந்தப் பனிக்காலத்தில் விளையாடக் கிடைத்த நாட்கள் எத்தனை என்பதை.

றிடோ கால்வாயில் இப்போது கார்ல்டன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பனிக்கட்டியை எவ்வாறு விரைவிற் படியச் செய்யலாம் என்று ஆராய்ந்திருக்கின்றனர். முதல் ஏடு மெல்லியதாய் இருக்கும்போதே இலேசான பொறிகளைக் கொண்டு வெண்பனிப் போர்வையை அகற்றுவது அவற்றுள் ஒரு வழி. 2024–25 பனிக்காலத்தில் குளிரும் ஒத்துழைத்தது. 2025 ஜனவரி 11ஆந் திகதி கால்வாய் திறக்கப்பட்டது. 50 நாட்களுக்கு மேல் மக்கள் சறுக்கினர். இடையிலே இளக்கம் வராமலில்லை. கொடி சிவப்பான நாட்களிலே சனங்கள் கரைக்கு வந்து, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, கீழே ஊழியர் துளையிட்டு அளப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.